48 நிமிடத்துக்கு 372 ரூபாய் கொடுக்கலாமா?

கேள்வி: வேலை சென்னையில், குடும்பம் திருச்சியில். வாராவாரம் சொந்த டீசல் காரில் ஊருக்குப் போய்வருகிறேன். ஒரு பக்கம் 320 கி.மீ. எப்போதும் 100-ல் ஓட்டுவேன். லிட்டருக்கு 16 கி.மீ. கிடைக்கும். போன வாரம் திரும்பும்போது மட்டும் 80-ல் வந்தேன், 20 கிடைத்தது. ஆக அந்தப் பயணத்தில் சராசரி வேகம் 90, மைலேஜ் 18. மெதுவாகப் போனால் பணம் மிச்சமாகுமா? மகளின் செல்வமகள் கணக்கில் மாதம் 3,000 போட ஆசை, கையில் காசு நிற்க மாட்டேன் என்கிறது.

பதில்: முதலில் அந்தச் சராசரியைச் சரிசெய்துவிடுவோம். இரண்டு வேகங்களைக் கூட்டிப் பாதியாக்கக் கூடாது. மொத்த தூரத்தை மொத்த நேரத்தால் வகுக்க வேண்டும். போக 3.2 மணி, வர 4 மணி. 640-ஐ 7.2-ஆல் வகுத்தால் 88.9. டீசலும் அப்படித்தான்: போக 20 லிட்டர், வர 16. 640-ஐ 36-ஆல் வகுத்தால் 17.8. வித்தியாசம் சின்னதுதான். ஆனால் செலவுக் கணக்கில் லிட்டரைக் கூட்டிப் பழகுங்கள், மைலேஜைக் கூட்டாதீர்கள்.

இனி உங்கள் கேள்வி. 100-ல் போனால் 48 நிமிடம் மிச்சம், 4 லிட்டர் கூடுதல். டீசலை 93 ரூபாய் என்று வைத்தால் 372 ரூபாய். அதாவது ஒரு மணி நேரத்தை 465 ரூபாய் கொடுத்து வாங்குகிறீர்கள். செங்கல்பட்டு தாண்டி நெரிசலில் ஊர்ந்தால் மிச்சமாகும் நிமிடங்களும் குறையும், கூடுதல் டீசலும் குறையும். மணிக்கு 465 என்ற விலை ஏறக்குறைய அப்படியே நிற்கும். டோல் இரண்டுக்கும் ஒன்றுதான், அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

உங்கள் கார் பழுது என்று நினைத்துவிடாதீர்கள். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 80-லிருந்து 100-க்குப் போனாலே அது 56 சதவீதம் கூடிவிடும்.

மாதம் எட்டு ஓட்டம், 2,976 ரூபாய். மகளுக்கு நீங்கள் தேடும் தொகை கிட்டத்தட்ட இதுதான்! அந்த 48 நிமிடத்தில் உங்களுக்குச் சம்பாத்தியம் எதுவும் இல்லையே. வெள்ளி இரவு மகள் தூங்குவதற்குள் வீடு சேர வேண்டும் என்றால் அந்த ஒரு ஓட்டத்தை மட்டும் 100-ல் போங்கள், நான் தடுக்க மாட்டேன். திரும்பும் நான்கு ஓட்டங்களை 80-ல் வைத்தாலே 1,488 ரூபாய் நிற்கும்.

ஒரே ஒரு நிபந்தனை. அந்த 20 கி.மீ. கார் திரையில் பார்த்ததா? அப்படியானால் டேங்கை நிரப்பி ஓட்டி, மறுபடி நிரப்பி, பில்லில் உள்ள லிட்டரை வைத்து இரண்டு வாரம் அளந்து பாருங்கள். அப்புறம் மாதத் தொகையை முடிவு செய்யலாம்.