24 இன்ச் போட்டோ பிரிண்டர்: எப்சனா, கேனனா, எதைப் பார்த்து முடிவு செய்வது?

எப்சன் ஷ்யூர்கலர் பி7500, கேனன் இமேஜ்புரோகிராஃப் ப்ரோ-2100 இரண்டில் எதில் படம் நன்றாக வரும் என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டிலும் 12 மை, இரண்டும் பிக்மென்ட், அதாவது நுண்ணிய நிறத்துகள் கலந்த மை. பேப்பருக்கேற்ப நிறத்தைச் சரிசெய்யும் சரியான புரொஃபைல் போட்டு, ஒரே பேப்பரில் அடித்து, பிரேம் போட்டு மாட்டிவிட்டால் எது எதில் வந்தது என்று சொல்வது தினமும் பிரிண்ட் பார்ப்பவர்களுக்கே சிரமம். அதனால் யார் கேட்டாலும் நான் முதலில் விசாரிப்பது ஒன்றுதான்: வாரத்தில் எத்தனை நாள் பிரிண்டர் ஓடும்?

காரணம் ஹெட், அதாவது பேப்பரில் மையைத் தெளிக்கும் பாகம். எப்சனில் இருப்பது பீசோ ஹெட். மின்சாரம் பட்டதும் உள்ளே ஒரு பாகம் அசைந்து மையைத் தள்ளுகிறது. மையைச் சூடாக்குவதில்லை, அதனால் ரொம்ப நாள் உழைக்கும். ஆனால் நாசில், அதாவது மை வெளியே வரும் நுண்துளை அடைத்து, கிளீனிங் ஓட்டியும் திறக்கவில்லை என்றால் சர்வீஸ் ஆள் வந்துதான் ஹெட்டை மாற்ற வேண்டும், பெரிய செலவு. கேனனில் தெர்மல் ஹெட். மையைச் சூடாக்கி, அதில் எழும் குமிழியால் துளியைத் தள்ளுகிறது. அந்த ஹெட் தேயக்கூடியது. ஆனால் ஒரு நாசில் அடைத்தால் அதன் வேலையை இன்னொன்று எடுத்துக்கொள்ளும். ஹெட் போய்விட்டால் நீங்களே கழற்றி மாற்றிவிடலாம்.

தினமும் ஓட்டுகிற ஸ்டூடியோ என்றால் தயங்காமல் எப்சன் பக்கம் போகலாம். கண்காட்சிக்கு முன்னால் மட்டும் மும்முரமாக அடித்து, அப்புறம் வாரக்கணக்கில் சும்மா விடுபவருக்கு நான் கேனனைத்தான் சொல்வேன். எதை வாங்கினாலும் சுவர் சுவிட்சை நேராக அணைக்காதீர்கள். பிரிண்டர் பட்டனில் அணைத்தால்தான் ஹெட் தன் இடத்துக்குப் போய் மூடிக்கொள்ளும். அடிக்கடி கரண்ட் போகும் இடமென்றால் யுபிஎஸ் அவசியம்.

டீலரிடம் போகும்போது அவர்களுடைய டெமோ படத்தைப் பார்த்து மயங்க வேண்டாம், அது எந்த மெஷினிலும் அழகாகத்தான் வரும். உங்கள் ஃபைலைக் கொண்டுபோங்கள். அடர்ந்த நிழல், தோல் நிறம், மேகமில்லாத வானம், கறுப்பிலிருந்து வெள்ளை வரை போகும் ஒரு கிரே பட்டை, இவ்வளவும் அதில் இருக்கட்டும். உங்கள் பேப்பரிலேயே அடிக்கச் சொல்லுங்கள். பிரிண்டை ஜன்னல் வெளிச்சத்தில் ஒருமுறை, எல்இடி விளக்கின் கீழ் ஒருமுறை பாருங்கள். கிரே பட்டை ஓரிடத்தில் பச்சையாகவும் இன்னோரிடத்தில் ரோஸாகவும் சாய்ந்தால் கறுப்பு வெள்ளைப் படம் விற்பவருக்கு அது ஆகாது. பிறகு பிரிண்டைச் சாய்த்துப் பாருங்கள். கிளாஸி பேப்பரில் மை விழுந்த இடமும் விழாத இடமும் வேறு வேறாக மின்னும். கேனனில் ஒரு டேங்க் நிறமில்லாத குரோமா ஆப்டிமைசர். இந்த வித்தியாசத்தை மறைப்பது அதன் வேலைகளில் ஒன்று, அதைச் செய்யவும் செய்கிறது. எப்சனில் ஆரஞ்சு, பச்சை, வயலெட் மைகள் உண்டு. பேக்கேஜிங் புரூஃப் (அச்சுக்கு முன் பார்க்கும் மாதிரி) எடுப்பவருக்கு அவை பெரிய வரம், கல்யாணப் படம் அடிப்பவருக்கு அவ்வளவு தேவைப்படாது.

மை செலவை எல்லோரும் கேட்பார்கள். சதுர அடிக்கு ஒன்று, ஒன்றரை மி.லி. என்று தோராயமாக வைத்துக்கொள்ளுங்கள். 24x36 இன்ச் படத்துக்கு 6 முதல் 9 மி.லி. நல்ல காட்டன் பேப்பரின் விலை அதைவிட அதிகம். ஆனால் கிளீனிங்கில் போகும் மையும், அது போய்ச் சேரும் மெயின்டனன்ஸ் கார்ட்ரிட்ஜும் இந்தக் கணக்கில் வராது. குறைவாக ஓடும் பிரிண்டரில் அந்தப் பங்கு பெரிதாகிவிடும்.

செகண்ட் ஹேண்டில் எப்சன் பி6000, பி7000 கிடைத்தால் யோசித்து வாங்குங்கள். கிளாஸி பேப்பருக்கான போட்டோ பிளாக், மேட் பேப்பருக்கான மேட் பிளாக் என்ற இரண்டு கறுப்பு மைக்கும் அதில் ஒரே வழி. ஒரு வகையிலிருந்து இன்னொரு வகைக்குப் பேப்பரை மாற்றி, கறுப்பு மையும் மாறும்போதெல்லாம் மை வீணாகும். பி7500-ல் அந்தத் தொல்லை இல்லை. நாசில் செக் (எல்லாத் துளைகளிலும் மை வருகிறதா என்று காட்டும் சோதனை பிரிண்ட்) எடுத்துக் காட்டாத எந்த மெஷினுக்கும் முன்பணம் கொடுக்காதீர்கள்.

உங்கள் ஆர்டரில் பெரும்பாலானவை ஏ2-வுக்குள் அடங்கும் என்றால் 24 இன்ச்சே வேண்டாம், 17 இன்ச் போதும். எப்சன் பி900-க்கு ரோல் யூனிட் (சுருள் பேப்பர் மாட்டும் பகுதி) தனியாக வாங்கலாம், ஆனால் கார்ட்ரிட்ஜ் 50 மி.லி. மட்டுமே. கேனன் ப்ரோ-1000-ல் 80 மி.லி., ரோல் வசதி கிடையாது. நீளமான பனோரமா அடிக்கிறீர்களா என்று சொன்னால் இந்த இரண்டில் எது என்று சொல்லிவிடலாம்.