பெரிய எண்ணோடு திரியும் பிள்ளைக்கு எந்தப் படிப்பு?

புதுக்குடியிருப்பிலிருந்து எழுதிய அம்மாவுக்கு,

உங்கள் மகளுக்கு உயர்தரப் பரீட்சையில் இணைந்த கணிதத்தில் ஏ, பௌதிகவியலில் சி, இரசாயனவியலில் எஸ். பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசட் புள்ளி இதற்குப் போதாது, பொறியியல் கிடைக்காது என்று பயப்படுகிறீர்கள். கனடாவில் இருக்கும் சித்தப்பா, கொழும்பில் காசு கட்டியாவது எஞ்சினியராக்குவோம் என்கிறார். மீதிக் காசுக்கு வயலை ஈடு வைக்கவும் யோசிக்கிறீர்கள். மகளோ எந்நேரமும் ஏதோ ஒரு பெரிய எண்ணைப் பற்றியே கதைக்கிறாளாம்.

வயலை ஈடு வைக்காதீர்கள். பிள்ளை கேட்காத படிப்புக்கு நாலு வருசக் கடன் எதற்கு? அவள் பொறியியல் வேண்டும் என்று சொன்னதாக உங்கள் கடிதத்தில் ஓரிடத்திலும் இல்லை.

அந்த எண் எதுவென்று ஊகிக்கிறேன். 2இன் 136,279,841ஆம் வலுவில் ஒன்று குறைவானது. 2024 ஒக்டோபரில் பிடிபட்டது, 41,024,320 இலக்கங்கள். இன்றைக்கு நாம் அறிந்த மிகப் பெரிய முதன்மை எண் (1ஆலும் தன்னாலும் மட்டுமே மீதியின்றி வகுபடும் எண்) அதுதான். இவ்வளவு பெரியதை ஒவ்வொன்றாக வகுத்துப் பார்க்க முடியாது. ஆனால் இந்த வகை எண்களுக்கென்றே ஒரு சோதனை உண்டு. 4இல் தொடங்கி, வர்க்கித்து 2 கழித்துக்கொண்டே போக வேண்டும். 31 என்பது 2இன் 5ஆம் வலுவில் ஒன்று குறைவு; அந்த 5இல் இரண்டைக் குறைத்தால் எத்தனை படி என்று வரும், ஆகவே மூன்று படி: 14, 194, 37,634. கடைசியாக வந்தது 31ஆல் மீதியின்றி வகுபடுகிறது, எனவே 31 முதன்மை எண். 11ஆம் வலுவில் வரும் 2047 தேறாது. அது 23 × 89. இந்த வகை முதன்மை எண்கள் முடிவில்லாமல் வருமா என்பது இன்னும் யாருக்கும் தெரியாது. பிள்ளை மயங்குவதில் வியப்பில்லை.

இந்த ஆர்வத்துக்குப் பக்கத்திலேயே ஒரு படிப்பு இருக்கிறது, யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை: பம்பைமடுவில் வவுனியாப் பல்கலைக்கழகத்தின் பிரயோக கணிதமும் கணிப்பிடலும். நிறுவுவதையும் நிரல் எழுதுவதையும் சேர்த்துப் படிக்கலாம். அரச பல்கலைக்கழகம், கற்பித்தல் கட்டணம் இல்லை; வருமானம் குறைந்த குடும்பமென்றால் மகாபொல புலமைப்பரிசிலுக்கும் விண்ணப்பிக்கலாம். முல்லைத்தீவுக்குப் பின்தங்கிய மாவட்டச் சலுகையும் உண்டு. உண்மையான கஷ்டம் ஆங்கிலம், படிப்பு முழுக்க அதில்தான். இப்போதே தொடங்கட்டும்.

வேலை? வங்கி, காப்புறுதி, மென்பொருள், பாடசாலை ஆசிரியம் என்று வழிகள் உண்டு. தகவல்களை மறைகுறியாக்கும் முறைகளில் சில, பல நூறு இலக்க முதன்மை எண்களை நம்பித்தான் இருக்கின்றன. (மகளின் எண் அதற்கு உதவாது, அளவுக்கு மிஞ்சிப் பெரிது.)

பல்கலைக்கழக விண்ணப்பத்தில் விருப்ப ஒழுங்கை மகளே நிரப்பட்டும்; சித்தப்பா சொல்லி நீங்கள் நிரப்ப வேண்டாம். அவர் உதவத்தான் வேண்டுமென்றால் நல்ல மடிக்கணினி ஒன்று வாங்கித் தரச் சொல்லுங்கள். முதன்மை எண் தேடும் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. கரண்ட் பில் மட்டும் கொஞ்சம் ஏறும்.