லோத்தோங் குரங்கு வாழும் தோட்டத்தில் வீடு கட்ட லைசென்ஸ் வேண்டுமா?

பினாங்கு பாலிக் பூலாவிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: “அப்பா விட்டுச்சென்ற இரண்டு ஏக்கர் டுரியான் தோட்டத்தில் பிள்ளைகளுக்கு நான்கு வீடுகள் கட்டப் போகிறோம். சமநிலம்தான். மரங்களில் லோத்தோங் கூட்டம் இருக்கிறது. ஓர் இரவு தேவாங்கையும் பார்த்தோம். 4,000 ரிங்கிட் கொடுத்தால் பெர்ஹிலித்தான் (வனவிலங்குத் துறை) பெர்மிட் எடுத்து எல்லாவற்றையும் பிடித்துப்போய்விடுவதாகத் தரகர் ஒருவர் சொல்கிறார். தாக்க வந்தால் சுடவும் சட்டம் இடம் கொடுக்கிறதாம். நம்பலாமா?”

நம்பாதீர்கள், ஐயா. ஒரு சென் கூடக் கொடுக்காதீர்கள்.

மரம் வெட்டுவதற்கென்று வனவிலங்கு லைசென்ஸ் எதுவும் கிடையாது. 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் லைசென்ஸ் கேட்பது விலங்கைப் பிடிப்பது, வைத்திருப்பது போன்றவற்றுக்குத்தான். லோத்தோங்கைப் பிடிக்கவே அனுமதி வேண்டும். தேவாங்கோ முழுப் பாதுகாப்புப் பட்டியலில் இருப்பது. அதற்கு அமைச்சர் தரும் சிறப்பு அனுமதி தேவை. தரகர் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிகிற காகிதம் அல்ல அது. 2022 திருத்தத்துக்குப் பிறகு, கடுமையான குற்றங்களுக்கு 10 லட்சம் ரிங்கிட் வரை அபராதமும் 15 ஆண்டுவரை சிறையும் உண்டு. பிடித்தவன் ஓடிவிடுவான்; நிலத்துக்காரர் எங்கே ஓடுவது?

இந்தத் தரகர்களின் குறி குட்டிதான். லோத்தோங் குட்டி பிறக்கும்போது பளிச்சென்ற ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். செல்லப்பிராணியாக விற்க அந்த நிறமே விளம்பரம். தாயின் வயிற்றைக் கட்டிப்பிடித்திருக்கும் குட்டியை எடுக்க, பெரும்பாலும் தாயைக் கொல்கிறார்கள். அப்படி வந்த ஒரு குட்டியை மிலோ அட்டைப்பெட்டிக்குள் பார்த்திருக்கிறேன். பெட்டியில் போட்டிருந்த பழைய துண்டை இரண்டு கைகளாலும் பற்றியிருந்தது. பால்புட்டியை நீட்டியபோதும் துண்டை விடவில்லை.

சுடுவது பற்றிய பேச்சைச் சற்று விளக்கியாக வேண்டும், ஏனென்றால் இதைச் சொல்லித்தான் பலரை ஏமாற்றுகிறார்கள். மனித உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் சட்டம் விலக்களிக்கிறது. உடனடி என்றால் அந்த நிமிடம். உயிர் என்றால் உயிர். கூரையில் குதிப்பது ஆபத்து அல்ல. டுரியான் பூவைத் தின்பதும் பல்லைக் காட்டுவதும் ஆபத்து அல்ல. நாளைக்குக் கடிக்கலாம் என்ற பயம் ஆபத்தே அல்ல. இலை தின்று மரத்திலேயே வாழும் லோத்தோங்கைச் சுட்டுவிட்டு இந்த விலக்கை நீதிமன்றத்தில் யாரிடம் சொல்வீர்கள்?

உங்களுக்கு உண்மையில் தேவையான அனுமதிகள் வேறு. கட்டுமானத்துக்குத் திட்ட அனுமதி, மண்வேலைக்கு வரைபட ஒப்புதல், சுற்றளவு 0.8 மீட்டரைத் தாண்டும் மரத்தை வெட்ட எழுத்துப்பூர்வமான அனுமதி. மூன்றும் மாநகர் மன்றத்தில்.

இங்கேதான் எனக்கு ஆத்திரம் வருகிறது. மரத்தைப் பார்ப்பவர் குரங்கைப் பார்ப்பதில்லை. குரங்கைப் பார்ப்பவருக்கு மரக் கோப்பு போவதில்லை. இரண்டு ஏக்கர் சமநிலத்துக்குச் சுற்றுச்சூழல் மதிப்பீடும் கேட்கமாட்டார்கள். இப்படி இரண்டிரண்டு ஏக்கராக ஒரு மலையடிவாரமே போய்விடும். எந்த மேசையிலும் அது பதிவாகாது. ஓர் அலுவலகத்துக்கு நான் எழுதிய கடிதத்துக்குப் பதில் வந்தபோது, அந்த நிலத்தில் தூண் எழும்பியிருந்தது.

ஆகவே நீங்களே முந்திக்கொள்ளுங்கள். வெட்டுவதற்கு முன்பே பெர்ஹிலித்தானுக்கு எழுதி, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையை நகலில் வாங்கிவையுங்கள். காட்டுக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து வெட்டத் தொடங்கி, காட்டை நோக்கிச் சிறிது சிறிதாக நகரச் சொல்லுங்கள். கூட்டம் தானாக விலகும். வேலியோர மரவரிசையை விட்டுவையுங்கள். கிளை தொடர்ந்தால்தான் லோத்தோங் சாலையில் இறங்காது. தெலுக் பஹாங்கில் 2019-இல் தீயணைப்புக் குழாய்களைப் பின்னிச் சாலைக்கு மேலே பாலம் கட்டியதும் அதற்காகத்தான்.

தேவாங்கு வேறு மாதிரி. பகலில் அடர்ந்த இலைகளுக்குள் சுருண்டு தூங்கும். ரம்பச் சத்தம் கேட்டாலும் ஓடாது. ஒவ்வொரு மரத்தையும் அண்ணாந்து பார்த்த பிறகே ரம்பத்தை வைக்க வேண்டும், தென்பட்டால் வேலையை நிறுத்திப் பெர்ஹிலித்தானை அழைக்க வேண்டும் என்று குத்தகையாளரின் ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். கையால் எடுக்க வேண்டாம் என்றும் சேர்த்து எழுதுங்கள்; அதன் கடியில் நஞ்சு உண்டு.