நைலான் நாடா இழுவிசையில் தேறவில்லையா?

காரைக்குடி அண்ணே, உங்கள் பட்டறையில் தேறிய நைலான் நாடா ராணுவ ஆர்டர் ஆய்வில் இழுவிசையில் விழுந்துவிட்டது, நூலை மாற்றவா என்று கேட்டிருந்தீர்கள். அவசரப்படாதீர்கள். முதலில் அறுந்த துண்டை வாங்கிப் பாருங்கள். சோதனை இயந்திரம் நாடாவைக் கவ்வும் பிடிப்பானின் வாயிலேயே அறுந்திருந்தால் சந்தேகப்பட வேண்டியது பிடிப்பானைத்தான். தட்டைப் பிடிப்பான் கடித்துவிடும். உருளையில் சுற்றி இழுக்கும் பிடிப்பானில் மறுசோதனை கேளுங்கள்.

நடுவில் அறுந்திருந்தால் ஈரத்தைக் கவனியுங்கள். நைலான் ஈரம் உறிஞ்சினால் பலம் குறையும். 27 டிகிரி, 65 சதவீத ஈரப்பதத்தில் பதப்படுத்திய மாதிரிதான் கணக்கு. அப்புறம், ஒப்பந்தம் நைலான் 66 என்ற வகையைக் கேட்கிறதா என்று பாருங்கள். உங்கள் நூல் எந்த வகை என்பதை உருகுநிலையை வைத்துப் பிரிக்கலாம்: நைலான் 66-க்கு அது 260 டிகிரி செல்சியஸை ஒட்டி, நைலான் 6 சுமார் 220-லேயே உருகிவிடும்.

பக்கத்திலேயே சிக்ரி ஆய்வகம் இருக்கிறதே என்று போகாதீர்கள், அது மின்வேதியியல் ஆய்வு நிறுவனம். கோவையில் உள்ள ஜவுளி ஆராய்ச்சி நிறுவனமான சிட்ராவில் விசாரியுங்கள்.