ஐ7-க்குப் போகும் பணத்தை எஸ்எம்பிஎஸ் பக்கம் திருப்புங்கள்

கேள்வி: என் பழைய லேப்டாப்பில் வீடியோ எடிட்டிங் செய்ய முடியவில்லை. பாகங்களைத் தனித்தனியாக வாங்கி ஒரு டெஸ்க்டாப் சேர்க்கலாம் என்று இருக்கிறேன். நான் போட்ட பட்டியல்: கோர் ஐ7-12700எஃப் ப்ராசஸர், ஹெச்610 மதர்போர்டு, 8 ஜிபி ரேம் ஒன்று, ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, 256 ஜிபி எஸ்எஸ்டி, 1 டிபி ஹார்ட் டிஸ்க், கேபினெட்டோடு சேர்ந்து வரும் 500 வாட் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை). முக்கியமாக எடிட்டிங், எப்போதாவது கேம். இதற்கு மேல் செலவு செய்ய வழியில்லை. பட்டியல் சரிதானா?

பதில்: இந்தப் பாகங்கள் ஒன்றோடொன்று பொருந்தும், கணினி ஓடவும் செய்யும். ஆனால் ஐ7 என்ற பெயருக்குப் பெரிய தொகையைக் கொடுத்துவிட்டு மற்ற எல்லாவற்றிலும் கையைச் சுருக்கியிருக்கிறீர்கள். எடிட்டிங் செய்பவருக்கு இது நஷ்டம்.

முதலில் அந்த ‘எஃப்’ எழுத்தைப் பார்ப்போம். இன்டெல் ப்ராசஸர் பெயரின் கடைசியில் எஃப் இருந்தால் அதில் உள்ளமைந்த கிராபிக்ஸ் வேலை செய்யாது என்று அர்த்தம். அதோடு சேர்ந்து குவிக் சிங்க் வசதியும் போய்விடும். வீடியோவைச் சுருக்கவும் விரிக்கவும் என்றே இருக்கும் தனிச் சுற்று அது. சரி, கிராபிக்ஸ் கார்டு அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும் என்று நினைத்தால், நீங்கள் தேர்ந்தெடுத்த 6500 எக்ஸ்டியில் வீடியோவைச் சுருக்கும் என்கோடரே கிடையாது. ஆக, எடிட்டிங்குக்கென்று வாங்கும் கணினியில் வீடியோவை வன்பொருளிலேயே என்கோட் செய்ய ஒரு வழியும் இல்லாமல் போகிறது. எக்ஸ்போர்ட் முழுவதையும் ப்ராசஸரே மூச்சுத் திணறச் செய்து முடிக்க வேண்டும்.

என் யோசனை இது: ஐ7-ஐயும் அந்தக் கார்டையும் பட்டியலிலிருந்து இப்போதைக்கு நீக்கிவிடுங்கள். எஃப் இல்லாத ஐ5-12400 போதும். 6 கோர், 12 த்ரெட். 12700எஃப்-இல் 12 கோர், 20 த்ரெட் இருப்பதால் கனமான எஃபெக்ட்ஸ் போடும்போது அதுதான் வேகம், மறுக்கவில்லை. ஆனால் டைம்லைன் திக்காமல் ஓடுவதும் எக்ஸ்போர்ட் சீக்கிரம் முடிவதும் அன்றாடம் கையில் தெரிகிற வித்தியாசம், அதைக் குவிக் சிங்க் கொடுத்துவிடும். இப்போதைய கேமராக்கள் பலவற்றில் வரும் 10 பிட் 4:2:2 ஹெச்இவிசி என்ற கனமான வீடியோ வகைக் கோப்புகளைக்கூட இந்தத் தலைமுறை குவிக் சிங்க் நேரடியாக டிகோட் செய்கிறது, அதாவது விரித்துவிடுகிறது. விலை உயர்ந்த கிராபிக்ஸ் கார்டுகளிலேயே பலவற்றுக்கு அது முடியாது.

ஒரு விதிவிலக்கு உண்டு. நீங்கள் டாவின்சி ரிசால்வ் பயன்படுத்துபவர் என்றால் கதை வேறு. அது கிராபிக்ஸ் கார்டையே பெரிதும் நம்பியிருக்கும் மென்பொருள். அப்படியானால் நல்ல கார்டு வாங்கும் அளவுக்குப் பணம் சேரும்வரை பொறுப்பது மேல். பிரீமியர் போன்றவை என்றால் இப்போதே தொடங்கலாம்.

பட்ஜெட்டில் கணினி சேர்க்கும்போது ஒவ்வொரு பாகத்தையும் பார்த்து, ‘இதைப் பின்னால் மாற்றுவது எவ்வளவு சிரமம்?’ என்று கேட்டுக்கொள்ளுங்கள். ரேம், எஸ்எஸ்டி, கிராபிக்ஸ் கார்டு மூன்றையும் எப்போது வேண்டுமானாலும் சில நிமிடங்களில் மாற்றிவிடலாம். மதர்போர்டையும் எஸ்எம்பிஎஸ்ஸையும் மாற்ற வேண்டுமானால் ஏறக்குறைய முழுக் கணினியையும் பிரித்துப் போட வேண்டும். எனவே மிச்சம் பிடிப்பதை முதல் மூன்றில் பிடியுங்கள்.

உங்கள் பட்டியலில் எனக்கு உண்மையிலேயே கவலை தருவது கேபினெட்டோடு வரும் எஸ்எம்பிஎஸ்தான். மேலே 500 வாட் என்று ஒட்டியிருக்கும். பக்கவாட்டு லேபிளில் 12 வோல்ட் வரிசைக்கு எதிரே எத்தனை வாட் போட்டிருக்கிறது என்று பாருங்கள். ப்ராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் மின்சாரம் எடுப்பது அங்கிருந்துதான். மட்டமான யூனிட்களில் அந்த எண், மேலே ஒட்டியிருப்பதைவிட வெகுவாகக் குறைந்திருக்கும். ‘80 பிளஸ் பிரான்ஸ்’ முத்திரையை மட்டும் பார்த்து நம்பிவிடாதீர்கள். பாதிச் சுமையில் 85 சதவீதத் திறன் இருக்கிறது என்பதுபோன்ற கணக்கைத்தான் அது சொல்கிறது. ஓவர்லோடு, ஷார்ட் சர்க்யூட் வந்தால் தன்னை அணைத்துக்கொள்ளுமா என்பதை அது சொல்லாது. நீண்ட வாரண்டி தரும் யூனிட்டா, அதைப் பிரித்து அளந்து பார்த்த விமர்சனங்கள் இருக்கின்றனவா என்று தேடுங்கள். வாட் கணக்கில் பேராசை வேண்டாம். 12400 முழு வேகத்தில் எடுப்பது 117 வாட். பின்னால் 115 வாட்டில் ஓடும் ஆர்டிஎக்ஸ் 4060 போன்ற கார்டைச் சேர்த்தாலும் மொத்தம் 300-ஐ ஒட்டித்தான் வரும். தரமான 550 வாட் போதும், தரமற்ற 750 வேண்டாம்.

மதர்போர்டில் ஹெச்610 பரவாயில்லை ரகம். ரேம் ஸ்லாட் இரண்டுதான், வசதிகளும் குறைவு. முடிந்தால் நான்கு ஸ்லாட் உள்ள பி660 அல்லது பி760-க்குப் போங்கள். டிடிஆர்4, டிடிஆர்5 என்ற ரேம் வகைகள் இரண்டுக்கும் தனித்தனி மாடல் வருகிறது, ஒன்றின் ரேம் மற்றதில் ஏறாது. பில் போடும் முன் அதை ஒருமுறை சரிபாருங்கள்.

ரேமில் 8 ஜிபி போதவே போதாது. 16 ஜிபியாக, 8 ஜிபி குச்சிகள் இரண்டாக வாங்குங்கள். ப்ராசஸருக்கும் ரேமுக்கும் இடையே உள்ள பாதைகளான இரண்டு சேனலும் வேலை செய்யும். உள்ளமைந்த கிராபிக்ஸுக்குத் தனி நினைவகம் இல்லை, இதே ரேமைத்தான் எடுத்துக்கொள்ளும், அதனால் வித்தியாசம் நன்றாகவே தெரியும். நான்கு ஸ்லாட் போர்டில் வழக்கமாக ப்ராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் செருக வேண்டும். அப்புறம் பயாஸில் (மதர்போர்டின் அமைப்புத் திரையில்) எக்ஸ்எம்பி என்ற ரேம் வேக அமைப்பை இயக்க மறக்காதீர்கள். இல்லாவிட்டால் 3200 என்று வாங்கிய ரேம் அதைவிடக் குறைந்த வேகத்தில் ஓடலாம், நமக்குத் தெரியவும் தெரியாது.

ஹார்ட் டிஸ்க்கை விட்டுவிட்டு 1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி ஒன்றே வாங்குங்கள். எம்.2 என்ற சிறிய அட்டை வடிவில் இருப்பதெல்லாம் என்விஎம்இ அல்ல, அதைவிட வேகம் குறைந்த சாட்டா வகையும் அதே வடிவில் வருகிறது. பெரிய வீடியோ கோப்புகளை அடிக்கடி நகலெடுப்பீர்கள் என்பதால் பெரிய கோப்பை எழுதும்போது வேகம் இறங்கிவிடும் கியூஎல்சி வகை எஸ்எஸ்டியைத் தவிர்த்து டிஎல்சி வகை வாங்குங்கள்.

இன்டெல்லின் போட்டி நிறுவனமான ஏஎம்டி பக்கம் போகலாமா என்றும் யோசித்திருப்பீர்கள். 12400 உட்காரும் எல்ஜிஏ1700 சாக்கெட் 14-ஆம் தலைமுறையோடு முடிந்துவிட்டது. ஏஎம்5 சாக்கெட்டுக்கு 2027-ஐத் தாண்டியும் ஆதரவு உண்டு என்று ஏஎம்டி அறிவித்திருக்கிறது. சில வருடம் கழித்து ப்ராசஸரை மட்டும் மாற்றும் எண்ணம் இருந்தால் ரைசன் 5 7600 நல்ல தொடக்கம், உள்ளமைந்த கிராபிக்ஸும் உண்டு. ஆனால் அங்கே டிடிஆர்5 கட்டாயம், மொத்தச் செலவு கூடும். எடிட்டிங் மட்டும் என்றால் குவிக் சிங்குக்காகவே நான் இன்டெல் பக்கம் நிற்பேன்.

கேமுக்காகப் பின்னால் கார்டு வாங்கும்போது 8 ஜிபிக்குக் கீழே இறங்காதீர்கள். கேபினெட்டை இப்போதே தேர்வு செய்வதால் அதில் எத்தனை மில்லிமீட்டர் நீளக் கார்டு நுழையும் என்று விவரப் பட்டியலில் பார்த்துக் குறித்து வையுங்கள். கார்டைப் பொருத்திய பிறகு, கேமுக்கு மானிட்டர் கேபிளை மதர்போர்டிலிருந்து கழற்றி கார்டில் செருக வேண்டும். பயாஸில் உள்ளமைந்த கிராபிக்ஸை மட்டும் அணைத்துவிடாதீர்கள், குவிக் சிங்க் தொடர்ந்து வேலை செய்ய அது தேவை.