உங்களை யாரும் வேலையிலிருந்து நீக்க முடியாது

கேள்வி: நூலகராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். நான் வேலை பார்த்த நூலகத்தில், பதின்வயதுப் பிள்ளைகளுக்கான ஒரு நாவலை எடுத்துவிட வேண்டும் என்று சிலர் புகார் கொடுத்திருக்கிறார்கள். இப்போதைய நூலகர் சின்னப் பெண், ரொம்பவே பயந்துபோயிருக்கிறார். அடுத்த மாதம் நூலகக் குழு இதைப் பேசி முடிவெடுக்கப் போகிறது. எனக்கு இப்போது பதவி எதுவும் இல்லை. வெளியே இருந்துகொண்டு என்ன செய்ய முடியும்? தலையிடுவது சரிதானா?

பதில்: அன்புள்ள அம்மா, பதவி இல்லை என்பதைக் குறையாக எழுதியிருக்கிறீர்கள். இந்த விஷயத்தில் அதுதான் உங்கள் பலம். அந்தப் பெண் வாயைத் திறந்தால் விளக்கக் கடிதம் வரும், இடமாற்றம் வரும், அதற்கு மேலும் வரலாம். அமெரிக்காவில் ஓக்லஹோமா மாநிலத்தின் பார்ட்ல்ஸ்வில் நகரில் ரூத் பிரவுன் என்ற நூலகர் 30 ஆண்டுகளாகப் பணியில் இருந்தவர். கறுப்பின மக்களின் சம உரிமைக்காக அவர் வேலை செய்தது உள்ளூரில் பலருக்குப் பிடிக்கவில்லை. குற்றச்சாட்டு என்று வந்தபோதோ, நூலகத்தில் இருந்த சில அரசியல் இதழ்களைக் காட்டினார்கள். 1950இல் அவரை நீக்கியே விட்டார்கள். பணியில் இருப்பவரின் பயத்துக்குக் காரணம் உண்டு. உங்களிடம் பறிக்க யாருக்கும் எதுவும் இல்லை.

அதனால் தாராளமாகத் தலையிடுங்கள். ஆனால் அந்தப் பெண்ணைக் கேட்காமல் ஓர் அடிகூட வைக்காதீர்கள். "பழைய மேடத்தை இவர்தான் தூண்டிவிட்டார்" என்று பேச்சு கிளம்பினால் அடி அவர் மேல்தான் விழும்.

முதலில் ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். புத்தகத் தேர்வுக்கும் புகாரை விசாரிப்பதற்கும் எழுதப்பட்ட விதிமுறை அங்கே இருக்கிறதா? இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. புகார் செய்பவர் எழுத்தில் தர வேண்டும், புத்தகத்தை முழுக்கப் படித்தாரா என்று சொல்ல வேண்டும், குழுவினரும் முழுக்கப் படிக்க வேண்டும், முடிவு வரும்வரை புத்தகம் அலமாரியிலேயே இருக்க வேண்டும். இந்தக் கடைசி விதியை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். "விசாரணை முடியட்டும்" என்று உள்ளே எடுத்து வைத்த புத்தகம் திரும்பி வருவது அபூர்வம். விதிமுறையே இல்லையென்றால் ஒரு வரைவு எழுதித் தருவதாகச் சொல்லுங்கள். நூலகச் சங்கங்களின் சர்வதேசக் கூட்டமைப்பு 1999இல் வெளியிட்ட அறிக்கை, தேர்வுக்கு அடிப்படை தொழில்முறைக் காரணங்களாகவே இருக்க வேண்டும், அரசியல், ஒழுக்க, மதக் கருத்துகளாக இருக்கக் கூடாது என்கிறது. உங்கள் வரைவுக்கு அது நல்ல துணை.

அப்புறம், கூட்டம். பொதுமக்கள் பேச வாய்ப்பு உண்டென்றால் பெயர் கொடுத்துப் பேசுங்கள். வாய்ப்பு இல்லையென்றால் கடிதமாகக் கொடுத்து, அதைப் பதிவில் சேர்க்கச் சொல்லுங்கள். அங்கே நாவலின் இலக்கியத் தரத்தை வாதாடாதீர்கள். அதில் இறங்கினால், பிடிக்காத ஒரு பக்கத்தை அவர்கள் உரக்க வாசிப்பார்கள், அதோடு பேச்சு திசை மாறிவிடும். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "உங்கள் பிள்ளை எதைப் படிக்கலாம் என்று முடிவு செய்ய உங்களுக்கு முழு உரிமை உண்டு. அடுத்த வீட்டுப் பிள்ளைக்கும் சேர்த்து முடிவு செய்யும் உரிமை எனக்கும் இல்லை, உங்களுக்கும் இல்லை." புகார் கொடுத்தவர்களும் பெற்றோர்தான். அவர்களுடைய கவலையை மதித்தே பேசுங்கள். அந்த நாவல் உங்களுக்கே பிடிக்காமல் போனாலும் இதே வார்த்தைகளைச் சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லும்போது கேட்பவர்கள் இன்னும் நம்புவார்கள்.

எனக்குப் பெரிய கவலை கூட்டத்தைப் பற்றியது அல்ல. புகாரே வராமல் காணாமல் போகும் புத்தகங்களைப் பற்றியது. ஒரு வம்பு நடந்த இடத்தில், அடுத்த பட்டியல் தயாரிக்கும்போது கை தானாகத் தயங்கும். முதுகுத் தையல்கூடப் பிரியாத புத்தகம் 'பழுது' என்று கழிக்கப்படும். இளையோர் பகுதியில் இருந்தது பூட்டிய பீரோவுக்குப் போகும். கணினிப் பட்டியலில் 'உள்ளது' என்று காட்டும், அலமாரியில் இடம் காலியாக இருக்கும். சாதாரண வாசகருக்கு இதெல்லாம் தெரியாது, உங்கள் கண்ணுக்கு உடனே தெரியும். பார்த்தால் சத்தம் போட வேண்டாம். அந்தப் புத்தகம் வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். கேட்டதற்குப் பதிவு இருந்தால் "யாருமே கேட்பதில்லை" என்று கழிக்க முடியாது. அலமாரியில் இருந்தால் இரவல் எடுங்கள், நண்பர்களையும் எடுக்கச் சொல்லுங்கள். லெஸ்டர் ஆஷைம் என்ற நூலகவியலாளர் 1953இல் எழுதிய ஒரு கட்டுரையில் இதை அழகாகப் பிரித்துக் காட்டினார்: தேர்வு செய்பவர் புத்தகத்தை வைத்துக்கொள்ளக் காரணம் தேடுகிறார், தணிக்கை செய்பவர் தள்ளிவிடக் காரணம் தேடுகிறார். அந்தப் பெண்ணோடு பேசும்போது இதைச் சொல்லுங்கள். பட்டியல் போடும் நேரத்தில் தன்னையே சோதித்துக்கொள்ள உதவும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இத்தனை வருடத்தில் யார் எதைப் படித்தார்கள் என்று உங்களுக்கு நிறையத் தெரிந்திருக்கும். புகார் கொடுத்தவர்களில் ஒருவர் முன்பு என்ன இரவல் வாங்கினார் என்பதுகூட நினைவில் இருக்கலாம். வாதத்துக்கு எவ்வளவு வசதியாக இருந்தாலும் அதை வெளியே விடக் கூடாது. வாசகரின் ரகசியம் காக்கும் கடமை ஓய்வு பெற்றதோடு முடியவில்லை.

நிலைமை மோசமாகி அந்தப் பெண்ணின் வேலைக்கே ஆபத்து வந்தால், அப்போது தேவைப்படுவது பணமும் வழக்கறிஞரும்தான். இப்படிச் சிக்கலில் மாட்டும் நூலகர்களுக்கு உதவவே அமெரிக்காவில் 1970இல் லெராய் மெரிட் என்ற நூலகவியலாளரின் பெயரில் ஒரு நிதி தொடங்கினார்கள். உங்களோடு ஓய்வு பெற்றவர்கள் நாலைந்து பேர் சேர்ந்தால் சின்ன அளவில் நீங்களும் தொடங்கலாம். யாரிடம் சட்ட ஆலோசனை கேட்பது என்று இப்போதே விசாரித்து வையுங்கள்.

கூட்டத்துக்கு ஒரு மாதம் இருக்கிறது. நாளைக்கே அவருக்குப் போன் செய்து, வீட்டுக்கு வரச் சொல்லி, என்ன நடந்தது என்று முழுக்கக் கேளுங்கள். புகார் வந்த தேதி, யார் என்ன சொன்னார்கள், அவர் என்ன பதில் சொன்னார், எல்லாவற்றையும் அன்றே எழுதி வைக்கச் சொல்லுங்கள். அந்த நாவலை நீங்களும் ஒரு முறை முழுக்கப் படித்துவிடுங்கள்.