வெட்டிவேருக்கு ஏன் இரண்டு அறிவியல் பெயர்கள்?

வெட்டிவேரியா சைசனாய்டிஸ், கிரைசோபோகன் சைசனாய்டிஸ் – எது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் ஒரே புல்தான். இப்போது ஏற்கப்படுவது கிரைசோபோகன்.

1771-இல் தாவரவியலாளர் லின்னேயஸ் இதை ஃபலாரிஸ் என்ற பேரினத்தில் (நெருங்கிய இனங்களின் தொகுதி; பெயரின் முதல் சொல் அதுதான்) வைத்தார். 1903-இல் வெட்டிவேரியாவுக்கு மாறியது. கதிரை லென்ஸில் பாருங்கள்: சிறுகதிர்கள் (பூக்கள் அடங்கிய சின்னஞ்சிறு கதிர்கள்) ஜோடியாக இருக்கும். காம்பில்லாதது இருபால் (ஆண், பெண் உறுப்புகள் இரண்டும் உள்ளது), காம்புள்ளது ஆண். கிரைசோபோகனிலும் இந்த ஜோடி உண்டு. இரண்டு பேரினங்களையும் பிரிக்கத் தெளிவான கோடு இல்லாததால் ஒன்றாகச் சேர்த்துவிட்டார்கள். நியாயமான முடிவு என்றே நினைக்கிறேன்.

குடும்பம் போயேசியே, அதாவது புல் குடும்பம்; கரும்பு, சோளம், எலுமிச்சைப்புல் எல்லாம் நெருங்கிய சொந்தம். இந்தியாவே இதன் தாயகம். அப்புறம், தென்னிந்தியாவில் பயிராகும் வகைகள் பெரும்பாலும் முளைக்கும் விதை தராது. தூரைப் பிரித்துத்தான் நட வேண்டும். பழைய நூல்களில் தேடினால் வெட்டிவேரியா என்றும் தேடுங்கள்.